கொக்கி வைத்த ஏழு

ராடு உடைந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று ஆண்கள் ஹெஸ்டருக்குக் காரணம் சொல்லிவிட்டார்கள்.

ஆஷ்லாக் மேட்டில் மூன்றாவது வளைவைத் தாண்டினால் சின்னதாக ஒரு நேர்ப்பாதை வரும். மலையேற்றப் பந்தயத்தில் காரை முழுதாக விரட்டக்கூடிய இடம் அது ஒன்றுதான். அங்கேதான் எஞ்சினுக்குள்ளிருந்து சம்மட்டி விழுந்தது போல ஒரே ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நொடி மூக்குக் கண்ணாடி முழுக்க ஆயில். ஹெஸ்டர் கிளட்சை மிதித்து, காரைப் புல்லுக்கு ஒதுக்கி, சாவியைத் திருப்பி அணைத்து, ஒழுங்காகத்தான் இறங்கினாள். பின்னால் தார்ச்சாலையில் கறுப்பாக ஒரு கோடு. கோட்டின் நெடுக இரும்புத் துண்டுகள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"கியர் தவறிப்போச்சா, மேடம்?" என்றான் கொடிக்காரன்.

"இந்த வயசுல இவ்வளவு விரட்டணுமா?" என்றான் தீயணைப்பு வாளியோடு வந்தவன்.

மூன்றாவது ஆள் டென்சில். மேட்டின் வேலியோரம் பன்றிக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தவன், பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்திருந்தான். ஓட்டையைக் குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டினான்.

"பாரு கண்ணு, மார்வுட் எஞ்சின்ல ராடு மெலிசு. பிஸ்டனையும் கிராங்கையும் இழுத்துப் புடிச்சிருக்கறது அந்த ஒரு சாண் தண்டுதான். ஆறாயிரம் சுத்துக்கு மேல போனா தாங்காது. நீ கியரை விட்டிருக்க, எஞ்சின் கத்தியிருக்கு, போச்சு."

"நான் அங்க கியரே மாத்தல, டென்சில்."

"எல்லாரும் அப்படித்தான் கண்ணு நினைப்பாங்க."

ஹெஸ்டருக்கு அறுபத்தொரு வயது. அதில் பத்தொன்பது வருடம் கவென்ட்ரியில் விமான எஞ்சின் தொழிற்சாலை ஒன்றில் விளக்கடியில் உட்கார்ந்து ராடுகளில் கீறல் தேடியிருக்கிறாள். அவளுக்கு ராடு என்றால் என்னவென்று பாடம் எடுக்கிறான், பிழைப்புக்குத் தரைவிரிப்பு விற்ற டென்சில்! பற்றிக்கொண்டு வந்தது.

அவளை எரித்தது பாடம் மட்டுமல்ல. பழைய மார்வுட் கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ராடை உடைத்தால், அன்று சாயங்காலமே அந்தத் துண்டை 'கறுப்புக் கிடா' பப்பின் உத்தரத்தில் ஆணியடித்து மாட்டுவார்கள். கீழே ஒரு பித்தளைத் தகடு: கார் எண், தேதி, உடைத்தவர் பெயர். இதுவரை பதினோரு ராடு தொங்குகிறது. பதினொன்றும் ஆண்கள் உடைத்தவை. சங்கத்தில் கார் ஓட்டும் ஒரே பெண் ஹெஸ்டர். இருபத்திரண்டு வருடமாக ஒரு போல்ட்டைக்கூட உடைத்ததில்லை. அந்த உத்தரத்தில் தன் பெயர் இல்லை என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பப்புக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துக்கொள்வாள்.

நல்லவேளையாக அவளிடம் சாட்சி இருந்தது. எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் இரண்டு முள். கறுப்பு முள் ஏறும், இறங்கும். சிவப்பு முள் ஏறிய உச்சத்திலேயே நின்றுவிடும். அடியில் உள்ள குமிழை அழுத்தினால்தான் கீழே வரும். இறங்குமுன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் அதைப் பார்த்திருந்தாள். ஐயாயிரத்து எண்ணூறு. எல்லைக்கு இருநூறு கீழே. மூன்று பேரையும் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய் அதைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் கண்ணாடியிலிருந்த ஆயிலைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அவள் கணவன் க்ளெமென்ட் வந்து சேர்ந்திருந்தான். மூச்சிரைக்க, கதவுக்கு மேலாகக் குனிந்து, மீட்டரின் அடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தான். சிவப்பு முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"க்ளெமென்ட்! என்ன பண்ணின?"

"நானா? ஒண்ணும் பண்ணலயே."

"சிவப்பு முள்ளை இறக்கிட்டியே!"

"ஓ..." கையைப் பார்த்துக்கொண்டான். "பழக்கதோஷம்."

உண்மைதான், பழக்கம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் முள் காட்டியதைச் சட்டைப்பை நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, குமிழை அழுத்தி இறக்கிவிடுவான். வீடு பற்றி எரிந்தாலும் வாசல் மிதியடியை நேராக்கிவிட்டு வெளியே வருகிற ஜென்மம்.

"இறக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு காட்டுச்சு? இவங்ககிட்ட சொல்லு."

க்ளெமென்ட் தன் ஷூவைப் பார்த்தான். புல்லைப் பார்த்தான். "கவனிக்கலயே, ஹெஸ்டர்."

டென்சில் ரொட்டியில் ஒரு கடி கடித்து, பெரிய மனதோடு தலையாட்டினான். "விடு கண்ணு. ஆயிரம் பேருக்கு நடக்கறதுதான்."

*

கொடிக்காரர்கள் துண்டுகளைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டுக் கொண்டுவந்து வேனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சாமான் கூடாரத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். எட்டாவது தட்டுக்குப் பிறகு ஹெஸ்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு வேனின் மறுபக்கம் போய்விட்டாள்.

மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் எப்போதும் வேனில் இருக்கும். துண்டுகளைக் கழுவினாள். போல்ட்டுகள் நன்றாக இருந்தன. ராடைக் கிராங்கோடு பிடிக்கும் மூடி நன்றாக இருந்தது. ராடு உடைந்திருந்தது தண்டின் நடுவில். இதுவே அவளுக்கு உதைத்தது. சுற்று எல்லை மீறினால் மார்வுட் ராடு போல்ட் பக்கத்தில்தான் பிய்யும். உத்தரத்தில் தொங்கும் பதினொன்றும் அங்கேதான் பிய்ந்தவை. நடுத்தண்டில் உடைந்து அவள் பார்த்ததே இல்லை.

பூதக்கண்ணாடியை எடுத்து உடைந்த முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம் பார்த்த எழுத்து இது. பாதி முகம் பளபளவென்று சொரசொரப்பாக இருந்தது. அது இன்றைக்கு உடைந்த பாதி. மற்றப் பாதி வழவழப்பாக, ஆயில் ஊறிக் கறுத்து, வடிந்துபோன கடல் மணலில் விட்ட கோடுகள் மாதிரி வரிவரியாக இருந்தது. அது மாதக்கணக்கில், ஒருவேளை வருடக்கணக்கில், ஒவ்வொரு ஓட்டத்திலும் மயிரிழை மயிரிழையாக நகர்ந்த கீறல். இன்று அவள் என்ன செய்திருந்தாலும் அது உடைந்திருக்கும். டீ வாங்கப் போகும்போதுகூட உடைந்திருக்கும்.

கீறல் தொடங்கிய இடத்தை வரிகளே காட்டிக்கொடுத்தன. எல்லா வளைவும் ஒரே புள்ளியைச் சுற்றி. துண்டைத் திருப்பினாள். அந்தப் புள்ளிக்கு நேர் வெளியே, கண்ணாடி போல மெருகேற்றிய தண்டில், எண் பொறிக்கும் பஞ்ச் வைத்து அடித்த மூன்று எண்கள்: 417. காரின் எண். ஏழின் பாதத்தில் கீறல் பிறந்திருந்தது.

தண்டின் மேல் பஞ்ச்! ஆலை அந்த எண்ணை மூடியின் தடித்த பக்கத்தில், இழுபடாத இடத்தில், மெதுவாகத் தட்டியிருக்கும். இழுபடுகிற தண்டில் ஊசிமுனை அளவு வெட்டு விழுந்தாலும் அங்கிருந்துதான் இரும்பு களைக்க ஆரம்பிக்கும். எந்த முட்டாள் இதைச் செய்தான் என்று நினைத்த அதே நொடியில் அவளுக்கு முட்டாள் யாரென்று தெரிந்துவிட்டது.

ஏழின் அடியில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது, மீன்முள் போல.

அந்த ஏழை அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியும். க்ளெமென்ட்டின் பஞ்ச் பெட்டியிலிருந்து ஏழு ஒருநாள் சிமெண்டுத் தரையில் விழுந்து நுனி சிதறிவிட்டது. அன்றிலிருந்து அவன் அடிக்கிற ஏழெல்லாம் கொக்கி வைத்த ஏழு. குப்பைத் தொட்டியில் வீட்டு எண் இருபத்தேழு. கொட்டகைச் சாவித் தகடு. நாயின் கழுத்துப்பட்டை. தினமும் காலையில் நாய்க்குச் சோறு வைக்கும்போது அந்தக் கொக்கி அவள் முகத்துக்கு நேராக ஆடும்.

வேன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்கு வருடத்துக்கு முன் எஞ்சினைப் பிரித்தபோது நாலு ராடையும் அவள்தான் சோதித்தாள். நாலும் சுத்தம். மூன்றாவது ராடில் மட்டும் எண் இல்லை என்று சொல்லியிருந்தாள். முன்னால் காரை வைத்திருந்த யாரோ வேறு வண்டியின் ராடை மாட்டியிருக்கிறார்கள், அதனால் ஒரு பாதகமும் இல்லை என்றும் சொல்லியிருந்தாள். பாதகமில்லையாம்! க்ளெமென்ட் சங்கத்தின் பதிவாளன். எந்தக் கார் அசல், எது கலப்படம் என்று பட்டியல் வைத்திருப்பவன். அந்த வருடம்தான் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி, கண்ணாடி பிடித்து உள்ளே பார்த்து, 'அசல் இதயம்' கோப்பையை அவர்கள் காருக்குக் கொடுத்தார்கள். கோப்பை இப்போதும் பியானோ மேல் இருக்கிறது. அதற்கு அடுத்த வருடம், ஒரே ஒரு வேற்று ராடு இருந்ததற்காக டென்சிலின் காரைப் பட்டியலிலிருந்து தூக்கியதும் இதே க்ளெமென்ட்தான்.

சோதித்துச் சுத்தம் என்று அவள் கொடுத்த ராடை வாங்கிக்கொண்டுபோய், அவள் முப்பது வருடமாகக் கூடாது கூடாது என்று சொன்ன இடத்தில் சுத்தியலால் அடித்திருக்கிறான். அதன்மேல் அவளை உட்காரவைத்து நான்கு கோடை ஓட்டவிட்டிருக்கிறான்.

போய்க் கத்தலாமா என்று நினைத்தாள். பிறகு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எதற்கு அப்படித் தோன்றியது என்று அவளுக்கே எரிச்சல்.

க்ளெமென்ட் காரைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"க்ளெமென்ட். என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதைப் பத்தி?"

"ராடு ஏன் உடைஞ்சுதுன்னு."

முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டான். "மனசப் போட்டு உழப்பிக்காத, ஹெஸ்டர். யாரா இருந்தாலும் ஒரு கியர் தவறும்."

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டென்சில் சொன்னால் டென்சில். இவன் சொல்கிறான்.

*

ஆறரை மணிக்குக் 'கறுப்புக் கிடா'வில் வெயில் சன்னல் வழியாக இன்னும் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. பப்காரி மேவிஸ் ஒரு கோப்பை பீரை நுரை தளும்ப நிரப்பி ஹெஸ்டர் முன்னால் வைத்தாள்.

"வழக்கம் தெரியும்ல? தகடு மேல போற வரைக்கும் வாய் வெக்கக் கூடாது."

உடைத்தவருக்குத் தண்டனை அது. ஆணி அடிக்கும்வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் இருபது பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். டென்சில் அவள் பக்கத்தில் வினிகரில் ஊறிய அவித்த முட்டையோடு இடம் பிடித்திருந்தான்.

"மேல அண்ணாந்து பாத்துப் பாத்துச் சிரிச்சியே கண்ணு, இப்ப நாங்களும் பாப்போம்ல."

தகடு அடிப்பது பதிவாளன் வேலை. க்ளெமென்ட் பஞ்ச் பெட்டியைத் திறந்து, பித்தளைத் தகட்டை மேவிஸின் சின்ன இரும்புக் கட்டை மேல் வைத்தான். முதலில் கார் எண், பிறகு தேதி, கடைசியில் பெயர். நாலை வைத்து ஒரு தட்டு. ஒன்றை வைத்து ஒரு தட்டு.

ஹெஸ்டர் கைப்பையைத் திறந்தாள். கழுவித் துடைத்த ராடுத் துண்டைத் தகட்டுக்குப் பக்கத்தில், எண்கள் மேலே தெரியும்படி, வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள்.

"அடி, க்ளெமென்ட்" என்றாள்.

அவன் ஏழைக் கையில் எடுத்துவிட்டிருந்தான். துண்டைப் பார்த்தான். பஞ்சின் முனையைப் பார்த்தான். பஞ்ச் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"வந்து... கார் நம்பர் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றான். "தேதி மட்டும் போட்டா போதாது?"

"இருபத்தாறு, ஏழு, எண்பத்தேழு" என்றாள் ஹெஸ்டர். "அடி."

க்ளெமென்ட் மனதுக்குள் எண்ணுவது அவன் உதட்டில் தெரிந்தது. அதில் இரண்டு ஏழு.

"மாசத்தை எழுத்துல போடலாம். வருஷம் எதுக்கு? வருஷம் யாருக்கு வேணும்?"

"பதினோரு தகட்டுல நீதான வருஷம் போட்ட!" என்றாள் மேவிஸ். "என்ன ஆச்சு உனக்கு, வெயில் பட்டுடுச்சா?"

"பஞ்ச் கொஞ்சம் சரியில்ல. வீட்டுக்குக் கொண்டுபோய் அராவிட்டு நாளைக்கு..."

"அட அடிப்பா!" டென்சில் மேசையைத் தட்டினான். "அந்தப் பொண்ணு பீரு நுரை அடங்கிப்போவுது!"

 ஹெஸ்டரே துண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டி நாலு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் வாயிலிருந்து வர வேண்டும். அவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கோபமாகத்தான் பார்த்தாள், உள்ளே மட்டும், சொல்லித் தொலையேன், சொல்லித் தொலையேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

க்ளெமென்ட் பஞ்சை வைத்து அடித்தான். தகட்டில் ஏழு விழுந்தது. கொக்கியோடு.

பக்கத்தில் துண்டில் ஒரு ஏழு. அதே கொக்கி. டென்சில் முட்டையை வாயில் வைத்தபடி முதலில் தகட்டை, பிறகு துண்டை, மறுபடி தகட்டைப் பார்த்தான். அவன் வாய் திறக்குமுன் க்ளெமென்ட் பேசிவிட்டான்.

"ரெண்டும் நான் அடிச்சது."

க்ளெமென்ட் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"மூணாவது ராடு அசல் இல்ல. வேற வண்டியோடது, நம்பர் இல்லாம இருந்துச்சு. நான்தான் அடிச்சேன். கண்ணாடி வெச்சுப் பாக்கறவங்க கண்ணுல படணும்னு தண்டு நடுவுல அடிச்சேன். அங்கதான் உடைஞ்சிருக்கு. ரோட்டுல கெடந்த துண்டப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு." தொண்டையைச் செருமினான். "அவ கியரை விடல."

"என் வண்டிய..." டென்சில் முட்டையை விழுங்கினான். "ஒத்த ராடுக்காக என் வண்டிய நீ பட்டியல்ல இருந்து..."

"ஆமா. தூக்கினேன். உன் வண்டி திரும்ப வரும். என்னுது போகும். பதிவேட்டை நாளைக்கே வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்."

சொல்லிவிட்டான். ஹெஸ்டருக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அத்தனை பேர் முன்னால் காதுமடல் சிவந்து நிற்கிற அந்த மனிதனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மன்னித்துவிடலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அப்போது அவன் சட்டைப்பையில் கைவிட்டான். சின்ன நோட்டை எடுத்து, பக்கம் புரட்டி, அவள் முன்னால் வைத்தான். பென்சிலில், அவனுடைய ஒழுங்கான கையெழுத்தில் இருந்தது: மூன்றாம் ஓட்டம், இரண்டு நாற்பது, 5800.

"குறிச்சுவெச்சிருந்தேன்" என்றான். "பழக்கதோஷம்."

ஹெஸ்டர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ராடு போனால் போகட்டும். எஞ்சின் போனால் போகட்டும். கோப்பை ஆசையில் புத்தி கெட்டுப்போய் ஒருநாள் சுத்தியலை எடுத்தான், அதையும்கூட விட்டுவிடலாம். ஆனால் முதுகில் எட்டுப் பேர் தட்டும்போதும், கூடாரத்தில் கேலி கேட்கும்போதும், வேனில் பேசாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோதும், இந்த நோட்டு அவன் பையில், அவள் தோளிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்திருக்கிறது. நாலு மணி நேரம். அவள் கண் கலங்கியது. கலங்கியதற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

 மேவிஸ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்போ இது யாரு பீரு?"

வழக்கம் தெளிவானது. தகட்டில் பெயர் ஏறுகிறவன்தான் காத்திருக்க வேண்டும்.

"பாரு கண்ணு" என்று டென்சில் அவள் பக்கம் சாய்ந்தான், புதுத் தெம்போடு. "இரும்புல பஞ்ச் அடிச்சா என்ன ஆகும்னா, அந்த எடத்துல..."

"டென்சில், வாய மூடு."

க்ளெமென்ட் கோப்பையைத் தொடவில்லை. தேதியை அடித்து முடித்தபின், எழுத்துப் பெட்டியைத் திறந்து தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடி எடுத்தான். க்ளெமென்ட் ஃபெதர்ஸ்டோன், ஆங்கிலத்தில் பத்தொன்பது எழுத்து. கல்யாணத்தன்று அந்த நீளப் பெயரைப் பதிவேட்டில் தானும் எழுதப் பட்ட பாடு ஹெஸ்டருக்கு நினைவு வந்தது. அவன் ஒவ்வொரு எழுத்தாக வைத்து, நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, அடித்தான். இந்த நேரத்திலும் வரிசை கோணக்கூடாதாம்.

ஹெஸ்டர் நோட்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டு மூடினாள். பீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. ஏழாவது எழுத்து விழும்போது கோப்பை காலி.

க்ளெமென்ட் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். காலிக் கோப்பையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இன்னொண்ணு ஊத்து, மேவிஸ்" என்றாள் ஹெஸ்டர். "அவனுக்கு இன்னும் பன்னெண்டு எழுத்து பாக்கி."